வாக்குத்தத்தம் இல்லாமல் ஒரு விண்ணப்பம்

திருமணம் ஆகாமல் ஒரு வயதைத் தாண்டிவிட்ட கிறிஸ்தவர்கள் பெரும்பாலானவர்களுக்கு ஏசாயா 34:16 மனப்பாடமாகத் தெரியும். உட்கார்ந்து படித்து வந்த மனப்பாடம் இல்லை. வருகிறவர் போகிறவர் எல்லாரும் சொல்லிச் சொல்லியே பதிந்துவிட்டது. "கர்த்தருடைய புஸ்தகத்திலே தேடி வாசியுங்கள், இவைகளில் ஒன்றும் குறையாது, இவைகளில் ஒன்றும் ஜோடில்லாதிராது." ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒரு ஆன்ட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாதம்மா, ஜோடியில்லாம விடமாட்டேன்னு ஆண்டவர் வசனத்துலயே சொல்லியிருக்காரு" என்பார். அந்தப் பிடியில் இருக்கும் அன்பு நிஜம். அதனால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

தேடி வாசியுங்கள் என்று அந்த வசனமே சொல்கிறதே என்று அதிகாரம் முழுவதையும் வாசித்துப் பார்த்தேன். அது ஏதோம் தேசத்தின்மேல் வரும் நியாயத்தீர்ப்பு. தேசம் பாழாகும், அரண்மனைகளில் முள் முளைக்கும், நாரையும் முள்ளம்பன்றியும் அதைச் சுதந்தரிக்கும், ஆந்தையும் காக்கையும் அங்கே குடியிருக்கும். மனிதர் விட்டுப்போன அந்த இடத்தில் குடியேறுகிற பறவைகளும் மிருகங்களும்தான் "ஜோடில்லாதிராது". நாங்கள் எல்லாரும் எங்களுக்கென்று பிடித்துக்கொண்டிருக்கும் வாக்கு, உள்ளபடி பார்த்தால், ஆந்தைகளுக்குச் சொல்லப்பட்டது. எனக்கு ஆந்தைகள்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வசனத்தை அது நிற்கும் இடத்திலிருந்து பிடுங்கி ஒரு பெண்ணின் கையில் கொடுத்து, "இதை நம்பு, நடக்கும்" என்று சொன்னால், நடக்காதபோது அவள் தன் விசுவாசத்தைத்தான் சந்தேகப்படுவாள். வசனம் கொடுத்தவர்கள் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

நான் நாற்பதை நெருங்குகிறேன். திருமணம் ஆகவில்லை. ஆகவேண்டும் என்ற ஆசை இருக்கிறது, அதற்காக ஜெபிக்கிறேன், நம்பிக்கையை விட்டுவிடவும் இல்லை. இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர்களுக்குச் சங்கடமாகிவிடுகிறது. சிலர் உடனே ஆறுதலுக்குப் போய்விடுவார்கள், சிலர் உபதேசத்துக்கு. எனக்கு வேண்டியது, ஒரு கேள்வியோடு கொஞ்ச நேரம் உட்கார ஆள். துணை கிடைக்கும் என்று தேவன் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை என்றால், எதை நம்பி நான் ஜெபிக்கிறேன்?

வாக்கு இல்லை என்று எப்படிச் சொல்லலாம், சங்கீதம் 37:4 இருக்கிறதே என்பார்கள். "கர்த்தரிடத்தில் மனமகிழ்ச்சியாயிரு, அவர் உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார்." அழகான வசனம். ஆனால் அந்தச் சங்கீதம் பொல்லாதவர்கள் செழிப்பதைப் பார்த்து எரிச்சலடையாதே என்று தொடங்குகிறது. கடைசிவரை அதன் கவலை அதுதான். அநியாயக்காரன் வாழ்கிறான், நீதிமான் தவிக்கிறான், ஆனாலும் கர்த்தருக்குக் காத்திரு என்று ஒரு முதியவர் சொல்லும் பாட்டு. அதைத் திருமணக் காசோலையாக மாற்றி வங்கியில் போட முடியாது.

இன்னொரு பக்கம், வேதம் முழுக்கத் திருமணம் ஆகாதவர்கள் நிற்கிறார்கள். எரேமியாவுக்கு, நீ பெண்ணை விவாகம் பண்ணவேண்டாம் என்று நேரடியாகவே கட்டளை வந்தது (16ஆம் அதிகாரம்). அவன் கேட்டுப் பெற்ற வாழ்க்கை இல்லை அது. பவுல் தன் நிலையை வரம் என்கிறார், "அவனவனுக்குத் தேவனால் அளிக்கப்பட்ட வரமுண்டு, அது ஒருவனுக்கு ஒருவிதமாயும் மற்றொருவனுக்கு வேறுவிதமாயும் இருக்கிறது" என்று எழுதி, திருமணத்தையும் திருமணமின்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறார். இயேசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விசுவாசமுள்ள எல்லாருக்கும் துணை உண்டு என்று ஒரு விதி இருந்தால், முதலில் மீறப்பட்டது அவரிடத்தில்தான்.

அதே நேரத்தில், "இயேசு போதாதா உனக்கு?" என்று கேட்பவர்களிடமும் எனக்கு ஒரு பதில் உண்டு. "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்று தேவன் சொன்னது பாவம் உலகத்துக்குள் வருவதற்கு முன்னால். ஆதாமுக்கும் தேவனுக்கும் நடுவில் எந்தத் தடையும் இல்லாத நாட்கள் அவை. தோட்டத்தில் தேவனோடே இருந்த ஒருவனைப் பார்த்து, நான் இருக்கிறேனே, இது போதாதா என்று தேவன் கேட்கவில்லை. இது நல்லதல்ல என்றார். ஆதாம் கேட்கக்கூட இல்லை. அந்தக் குறை முதலில் கண்ணில் பட்டது தேவனுக்கு. தனிமை வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை ஆவிக்குரிய குறைவு என்று எழுதிவிடுகிறவர்கள் ஆதியாகமத்தின் 2ஆம் அதிகாரத்தை வேகமாகப் புரட்டிவிட்டவர்கள்.

ஆக, ஆசை நல்லது, வாக்கு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஜெபம் எப்படிப்பட்டது?

பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தில் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. ஒன்றுக்கும் கவலைப்படாமல் எல்லாவற்றையும் குறித்து உங்கள் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்கிறது 6ஆம் வசனம். அடுத்த வசனத்தில் "அப்பொழுது நீங்கள் கேட்டதைப் பெறுவீர்கள்" என்று வரும் என நினைப்போம், வராது. எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் காத்துக்கொள்ளும் என்று வரும். எல்லாவற்றையும் கேட்கலாம், அளவே இல்லை. உறுதி சொல்லப்பட்டது மட்டும் வேறொன்று. முதலில் இது எனக்கு ஏமாற்றமாகத்தான் பட்டது. இப்போது விடுதலையாகப் படுகிறது. வாக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டால் கடன் வசூலிக்கிற குரல் வந்துவிடுகிறது. அது இல்லாமல் கேட்கும்போது பிள்ளை அப்பாவிடம் கேட்கிற குரல் வருகிறது. கிடைக்கும் என்ற எழுத்து எதுவும் கையில் இல்லாமல் கேட்பதற்குத்தான், என் கணக்கில், அதிக நம்பிக்கை வேண்டும்.

கேட்பதைத் தெளிவாகக் கேட்கவும் வேண்டும். பர்திமேயு குருடன் என்பது அவனைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். இருந்தும் இயேசு அவனிடம், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்டார். அவன் வாயால் சொல்லவேண்டியிருந்தது. நம் ஜெபக் கூட்டங்களில் திருமணத்துக்காக ஜெபிக்கும்போது மட்டும் எல்லாரும் ஒரு மாதிரி சுற்றி வளைப்பார்கள். "ஆண்டவரே, இந்த மகளுடைய எதிர்காலக் காரியங்களை நீர் பொறுப்பெடுத்துக்கொள்ளும்." எதிர்காலக் காரியம் என்றால் என்ன, ஓய்வூதியமா? நானே தனியாக ஜெபிக்கும்போதும் "உம்முடைய சித்தம் மட்டும் ஆகட்டும்" என்று ஆரம்பித்துவிட்டு, என் சித்தம் என்ன என்று சொல்லாமலே ஆமென் போட்டுவிடுகிற பழக்கம் இருந்தது. கேட்டு மறுக்கப்படுவதைவிடக் கேட்காமலே இருந்துவிடுவது பாதுகாப்பு; அதற்கு ஒப்புக்கொடுத்தல் என்று பெயர் வைத்துக்கொள்ளவும் வசதி.

கெத்செமனேயில் இயேசு செய்த ஜெபத்தில் இருக்கும் வரிசை அப்படி இல்லை. "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்பது முதலில். "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல" என்பது அதற்குப் பிறகு. தன் விருப்பத்தை மறைக்காமல் சொன்னவருக்குத்தான் அதை ஒப்புக்கொடுக்கவும் முடிந்தது. எனவே நான் இப்போது சொல்கிறேன்: எனக்கு ஒரு கணவர் வேண்டும். நாள் முடிந்து வந்தால் பேச ஒருவர், சண்டை போட ஒருவர், சேர்ந்து முழங்காலில் நிற்க ஒருவர். சொல்லிவிட்டுத்தான் "ஆகிலும்".

இந்த இடத்தில், சபைகளில் உலவும் ஒரு தத்துவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன்மேல் எனக்குக் கோபம் உண்டு. "நீ எப்ப அந்த ஆசைய முழுசா விட்டுடறியோ, அப்பதான் ஆண்டவர் கொடுப்பார்." சாட்சிகளில் இதை நிறையக் கேட்கலாம். விட்டுவிட்டேன், அடுத்த மாதமே வந்தது என்று. அவர்களுக்கு அப்படி நடந்திருக்கலாம், சந்தோஷம். ஆனால் அதை ஒரு வழிமுறையாக மாற்றினால், ஆசையை விடுவதே ஆசையை அடைய ஒரு தந்திரமாகிவிடும். உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே வெளியே விட்டுவிட்டதாக நடிக்க வேண்டும். இருதயத்தை அறிகிற தேவனிடத்தில் இது செல்லுபடியாகும் என்று எப்படி நம்புகிறார்களோ தெரியவில்லை. பிள்ளையில்லாதிருந்த அன்னாள் ஆசையை விட்டுவிட்டா சாமுவேலைப் பெற்றாள்? ஆசாரியன் ஏலி அவளைக் குடிகாரி என்று நினைக்கும் அளவுக்கு அழுது கேட்டாள். "ஊழியத்தில் இன்னும் உண்மையாயிரு, தருவார்" என்பதும் இதே குடும்பம்தான். வேலைக்குக் கூலியாகக் கணவன்.

துணைக்காக ஜெபிப்பதைப் பற்றி வேதத்தில் ஒரே ஒரு இடத்தைத்தான் நிதானமாகப் படிக்க முடியும் என்றால், நான் ஆதியாகமம் 24ஐத்தான் எடுப்பேன். 67 வசனங்கள், ஆதியாகமத்திலேயே நீளமான அதிகாரம். உலகத்தைச் சிருஷ்டித்த கதை சொல்லும் முதல் அதிகாரம் அதில் பாதி நீளம்கூட இல்லை. ஒரு பெண் தேடும் கதைக்கு ஏன் இத்தனை இடம் என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு அது பிடிக்கும்.

அதில் ஜெபிக்கிறவன் மாப்பிள்ளை ஈசாக்கு இல்லை. அவனுக்குப் பெண் தேடி வரும்படி தகப்பன் ஆபிரகாம் அனுப்பிய வீட்டு வேலைக்காரன். அந்த அதிகாரத்தில் அவனுடைய பெயர்கூட வராது. புறப்படும்முன் அவன் கேட்கும் முதல் கேள்வி, அந்தப் பெண் என்னோடு வர மனதில்லாமல் போனால் என்ன செய்வது என்பது. விசுவாசமில்லாத கேள்வி என்று ஆபிரகாம் அதட்டவில்லை. தூதன் உனக்கு முன் போவார் என்கிறார். அதே மூச்சில், அவள் வர மனதில்லாதிருந்தால் உன் ஆணைக்கு நீங்கலாயிருப்பாய் என்றும் சொல்கிறார். விசுவாசிகளின் தகப்பன் என்று நாம் அழைக்கிறவரின் ஏற்பாட்டில், நடக்காமல் போவதற்கும் இடம் இருந்தது.

பிறகு கிணற்றண்டை நின்று அவன் செய்த ஜெபம். எனக்கும் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் வார்ப்பேன் என்று எந்தப் பெண் சொல்கிறாளோ அவளே என்று ஒரு அடையாளம் வைக்கிறான். இதைப் படித்துவிட்டு நம்மில் பலர் அடையாளம் வைக்கத் தொடங்கிவிடுகிறோம். மூன்று நாளுக்குள் அழைப்பு வந்தால் இது தேவசித்தம். நீல நிறச் சட்டையில் வந்தால் அவர்தான். வேலைக்காரன் வைத்தது அப்படிப்பட்ட அடையாளம் இல்லை என்பதுதான் நான் கவனித்தது. அவனோடு இருந்தது பத்து ஒட்டகங்கள். தாகமாயிருக்கும் ஒட்டகம் ஒன்று 100 லிட்டர் வரைக்கும் குடித்துவிடும். ஊற்றில் இறங்கி, குடத்தில் மொண்டு, ஏறி வந்து தொட்டியில் ஊற்றி, மறுபடி இறங்கவேண்டும். முன்பின் தெரியாத ஒரு பயணியின் மிருகங்களுக்காக, யாரும் கேட்காமலே, ஓடி ஓடி இதைச் செய்கிற ஒருத்தி. அவன் கேட்ட அடையாளமே அவளுடைய குணம்தான். வானத்திலிருந்து வரும் குறியை எதிர்பார்த்து அவன் மேலே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எதிரே இருக்கும் மனுஷியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிலும் அவன் அவசரப்படவில்லை. ஜெபத்தைச் சொல்லி முடிக்குமுன்னே ரெபெக்காள் வந்துவிட்டாள், சொன்ன வார்த்தைகளையே சொல்லியும்விட்டாள். நானாக இருந்தால் அங்கேயே அல்லேலூயா போட்டிருப்பேன். அவனோ, கர்த்தர் தன் பிரயாணத்தை வாய்க்கப்பண்ணினாரோ இல்லையோ என்று அறியும்படி மவுனமாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்கிறது 21ஆம் வசனம். சொல்வது ஒன்று, பத்து ஒட்டகத்துக்கும் ஊற்றி முடிப்பது ஒன்று. முடியும்வரை பார்த்தான். நேரில் பார்த்துப் பழகி அறிவதற்குப் பதிலாக ஜெபத்தை வைப்பவர்களுக்கு இந்த வசனத்தைக் காட்டவேண்டும். "ஜெபிச்சிட்டோம், சமாதானம் இருக்கு" என்று இரண்டாவது சந்திப்பிலேயே முடிவெடுத்து, மூன்றாவது மாதத்தில் உடைந்துபோனவர்களை நான் அறிவேன். அவர்களுடைய ஜெபம் பொய் என்று சொல்லமாட்டேன். அந்த மவுனம் அங்கே இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

அப்புறம் வீட்டில் எல்லாரும் பேசி, இது கர்த்தரால் வந்த காரியம் என்று ஒப்புக்கொண்ட பிறகும், ரெபெக்காளைக் கூப்பிட்டு இந்த மனிதனோடேகூடப் போகிறாயா என்று கேட்கிறார்கள். "போகிறேன் என்றாள்." தேவசித்தம் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும் அவளுடைய வாயிலிருந்து ஒரு சொல் தேவைப்பட்டது. "ஆண்டவர் எனக்குச் சொல்லிட்டார், நீங்கதான் என் மனைவி" என்று முன்பின் பழகாத பெண்களிடம் போய் நிற்கும் சகோதரர்கள் (எல்லா சபையிலும் ஒருவர் இருக்கிறார்) இந்த வரியைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஈசாக்கு இதிலெல்லாம் எங்கே? சாயங்காலத்தில் வெளியிலே தியானம்பண்ணப் போயிருந்தான். அவனுக்கு 40 வயது. தாயை இழந்த துக்கம் இன்னும் ஆறாதவன். ரெபெக்காள் வந்த பிறகுதான் அவன் ஆறுதலடைந்தான் என்று அதிகாரம் முடிகிறது. பிரசங்கங்களும் அங்கேதான் முடியும். அடுத்த அதிகாரங்களில் கதை தொடர்கிறது: பிள்ளைக்காக 20 வருடக் காத்திருப்பு, பிறகு இரட்டைப் பிள்ளைகளில் ஈசாக்குக்கு ஏசா செல்லம், ரெபெக்காளுக்கு யாக்கோபு செல்லம், முடிவில் கண் தெரியாத கணவனை மனைவியே மகனை வைத்து ஏமாற்றுகிறாள். வேதத்திலேயே அதிகமாக ஜெபித்துத் தேடப்பட்ட மருமகள் அவள்! ஜெபத்தில் கிடைத்த துணை என்பதால் அந்த வீட்டில் பிளவு வராமல் இல்லை. கேட்டது கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பை இந்த அதிகாரங்களையெல்லாம் சேர்த்துப் படித்துத்தான் கொஞ்சம் கழற்றி வைத்தேன்.

அடையாளமே வராத ஒரு கதையும் சொல்லவேண்டும். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரில், பிற்பாடு சபையின் பெரிய போதகராக அறியப்பட்ட அகஸ்தீனுக்கு முப்பது வயதைத் தாண்டியபோது, அவருக்குத் திருமண ஏற்பாடு நடந்தது. தாய் மோனிக்கா ஜெபத்தில் தரிசனங்கள் கண்டு பழகியவர். இந்தத் திருமணத்தைக் குறித்து ஒரு தரிசனம் தரும்படி மகனும் கேட்டுக்கொள்ள, அவர் தினமும் கதறி ஜெபித்தார். தேவன் ஒன்றும் காட்டவில்லை. ஏதேதோ வீண் காட்சிகள் மட்டும் வந்தன. அவற்றை மகனிடம் சொன்னார், ஆனால் தேவன் காட்டியதைச் சொல்லும்போது இருக்கும் உறுதி அதில் இல்லை. தேவனிடமிருந்து வருவதற்கும் தன் மனம் காணும் கனவுக்கும் வார்த்தையில் சொல்ல முடியாத ஒரு சுவை வித்தியாசம் உண்டு, அதை வைத்துப் பிரித்தறிவேன் என்பாராம். இதையெல்லாம் அகஸ்தீனே எழுதி வைத்திருக்கிறார். மோனிக்காவுக்கு அந்தத் திருமணத்தில் எவ்வளவு விருப்பம் இருந்தது என்பதை நினைத்தால், வீண் காட்சியில் ஒன்றை எடுத்து "ஆண்டவர் காட்டினார்" என்று சொல்லியிருக்க எவ்வளவோ வாய்ப்பு இருந்தது. சொல்லவில்லை. தரிசனம் கண்டதற்காக அவரை மதிப்பவர்கள் உண்டு. காணாததைக் காணவில்லை என்று சொன்னதற்காக நான் மதிக்கிறேன்.

அந்தத் திருமணம் நடக்கவே இல்லை. அகஸ்தீன் 387ல் ஞானஸ்நானம் பெற்று, மணமாகாமலே இருந்துவிட்டார். இந்தக் கதையில் என்னை உறுத்தும் வேறொருத்தி உண்டு. அந்த ஏற்பாட்டுக்காக, பல வருடம் அவரோடு வாழ்ந்து ஒரு மகனையும் பெற்றவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வேறொரு ஆணை அறியமாட்டேன் என்று தேவனிடம் பொருத்தனை செய்துவிட்டுப் போனாள் என்று அவர் எழுதுகிறார். அவள் பெயரை எழுதவில்லை. ஒரு வீட்டில் திருமணத்துக்காக அழுது ஜெபிக்கும்போது, அதே ஏற்பாட்டால் இன்னொருத்தி அழுதுகொண்டு கப்பலேறினாள். அவளுடைய ஜெபம் என்னவாக இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

நமக்கென்று ஒரே ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறார், அவரைத் தவறவிட்டால் எல்லாம் போயிற்று என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. பவுல் விதவைகளைப் பற்றி எழுதும்போது, இஷ்டமானவனை விவாகம்பண்ண அவளுக்கு விடுதலை உண்டு, கர்த்தருக்குட்பட்டவனாக மட்டும் இருக்கவேண்டும் என்கிறார் (1 கொரிந்தியர் 7:39). ஒரு எல்லை, அதற்குள் விடுதலை. ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடிக்கும் பரீட்சை என்றால் அந்த விடுதலைக்கு அங்கே என்ன வேலை?

ரூத்தின் புத்தகத்தில், விதவையான ரூத் இன்னொரு கணவனுக்காக ஜெபித்ததாக ஒரு வரிகூட இல்லை. அவளுடைய மாமியார் நகோமி ஜெபித்தாள், விதவைகளான மருமகள்கள் இருவருக்கும் புருஷனுடைய வீட்டிலே சுகவாழ்வு கிடைக்கக் கர்த்தர் செய்வாராக என்று வழியிலே வாழ்த்தினாள். ரூத் கதிர் பொறுக்கிய வயலுக்குச் சொந்தக்காரனான போவாசும் ஒரு ஜெபம் சொன்னான்: "இஸ்ரவேலின் தேவனாகிய கர்த்தருடைய செட்டைகளின்கீழ் அடைக்கலமாய் வந்த உனக்கு அவராலே நிறைவான பலன் கிடைப்பதாக." சொன்னபோது அவனுக்குத் தெரியாது, அந்தப் பலன் தானாகவே இருக்கப்போகிறோம் என்று. சில வாரங்களில் ரூத் அவன் களத்துக்கே வந்து, உம்முடைய போர்வையை என்மேல் விரியும் என்று கேட்டாள். நகோமி ஜெபித்ததோடு நிற்கவில்லை. குளித்து எண்ணெய் பூசி இங்கே போ, இந்த நேரத்தில் போ, இப்படிச் செய் என்று திட்டமே போட்டுக் கொடுத்தாள். ஜெபத்துக்கும் முயற்சிக்கும் நடுவில் அவளுக்குச் சுவர் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் கதை இதைவிட வேடிக்கை. 1523ல் மடத்திலிருந்து தப்பி வந்த கன்னியாஸ்திரிகளுக்கு வரன் தேடித் தருவது அவர் தலையில் விழுந்தது. கேத்தரினா வான் போராவுக்கு ஒரு இளைஞனைப் பேசினார்கள். அவன் குடும்பம் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்து ஒரு போதகரைப் பேசினார்கள், கேத்தரினா ஒத்துக்கொள்ளவில்லை. வேண்டுமானால் லூத்தரையோ அவருடைய நண்பர் ஆம்ஸ்டார்ஃபையோ கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். திருமண எண்ணமே இல்லை என்று எழுதிக்கொண்டிருந்த லூத்தர், 1525 ஜூன் 13 அன்று தன் 41வது வயதில் அவரை மணந்தார். கேத்தரினாவுக்கு 26. ஒருவர் நிராகரித்ததும், தான் ஒருவரை நிராகரித்ததும், கடைசியில் வாய் திறந்து கேட்டதும் எல்லாமாகச் சேர்ந்துதான் அந்த வீடு உண்டாயிற்று.

இதை வைத்து எனக்காக ஜெபிக்கிற அன்பானவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஜெபியுங்கள், நிச்சயமாக. அதோடு யாரையாவது அறிமுகமும் செய்து வையுங்கள். ஒரு வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது தம்பதிகளாகவே கூப்பிடாமல் எங்களையும் கூப்பிடுங்கள். உங்கள் ஜெபத்தின் பதில் உங்கள் கைப்பேசியில் இருக்கும் ஒரு எண்ணாக இருக்கலாம்.

வலியைப் பற்றியும் பேசவேண்டும். "நெடுங்காலமாய்க் காத்திருக்குதல் இருதயத்தை இளைக்கப்பண்ணும்" என்று நீதிமொழிகள் ஒப்புக்கொள்கிறது. காத்திருக்கிறவர்கள் எல்லாரும் கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்பிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு சபைக்குத்தான், வேதத்துக்கு இல்லை. நியாயாதிபதிகள் 11ல் யெப்தாவின் மகளுக்கு, தகப்பனின் மூடப் பொருத்தனையால் வாழ்வே முடிகிறது. அவள் கேட்டது, தோழிகளோடு மலைகளுக்குப் போய் தன் கன்னிமையினிமித்தம் துக்கங்கொண்டாட இரண்டு மாதம். அவளுக்குப் பிறகு இஸ்ரவேலின் பெண்கள் வருடந்தோறும் நாலு நாள் அவளுக்காகப் புலம்பப் போனார்கள். மணமாகாமல் போன ஒருத்திக்காக ஒரு ஜனமே நாள் ஒதுக்கி அழுதிருக்கிறது. நம் நாள்காட்டியில் குடும்ப ஞாயிறு இருக்கிறது, திருமண நாள் வாழ்த்துகள் இருக்கின்றன. இதற்கு ஒரு அரை மணி நேரம் இல்லை.

ஆறுதல் சொல்லத் தெரியாதவர்களின் தலைவன் அன்னாளின் கணவன் எல்க்கானா. பிள்ளையில்லாமல் சாப்பிடாமல் அழும் அன்னாளிடம், "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா" என்றான். பாவம், நல்லவன். அன்னாள் அவனுக்குப் பதில் சொன்னதாக இல்லை. எழுந்து ஆலயத்துக்குப் போய்விட்டாள். அங்கே மனங்கசந்து அழுதாள், பிறகு போய்ச் சாப்பிட்டாள். "அப்புறம் அவள் துக்கமுகமாய் இருக்கவில்லை." அப்போது சாமுவேல் பிறக்கவில்லை, கருவில்கூட இல்லை. கையில் இருந்தது ஒரு ஆசாரியன் சொன்ன வாழ்த்து மட்டும். கேட்டது கிடைக்குமுன்னே முகம் மாறியது எப்படி என்று யாராவது எனக்கு விளக்கினால் கேட்டுக்கொள்வேன். எனக்குச் சில நாள் அது நடக்கிறது, பல நாள் நடப்பதில்லை.

நடக்காமலே போய்விட்டால்? இதையும் நான் தவிர்ப்பதில்லை. மிஷனரி ஆமி கார்மைக்கேல் ஜப்பானில் ஊழியம் செய்த இளவயதில், தனிமையைப் பற்றிய பயம் வந்தபோது, அரிமா என்ற இடத்தில் ஒரு குகைக்குத் தனியே போய் தேவனோடு அதைப் பேசினார் என்று அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் சொல்வார்கள். 1895ல் இந்தியாவுக்கு வந்து, 1951ல் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் இறக்கும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரை அம்மா என்றார்கள். இந்தக் கதையை என்னிடம் சொல்பவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கையில் தொடங்குவார்கள், ஈடு கட்டுவதுபோல. எனக்கு அந்தக் குகைதான் முக்கியம். பயம் இருந்தது, அதைச் சொல்ல ஒரு இடம் தேடிப் போனார்.

ஏசாயாவில் எனக்கென்று ஒரு வசனம் வேண்டுமானால் நான் 56:3ஐ எடுத்துக்கொள்வேன். "அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக." அண்ணகன் என்றால் ஆண்மை நீக்கப்பட்டவன். வம்சம் விளங்காது என்று எழுதப்பட்ட அவனுக்குத் தேவன் தம் ஆலயத்தில், குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரிய இடத்தைவிட உத்தமமான ஒரு இடத்தைத் தருவதாகச் சொல்கிறார். உனக்கும் ஒருநாள் திருமணம் ஆகும், பொறு என்று அங்கே சொல்லவில்லை. இப்படியே, இந்த நிலையிலேயே, உனக்கு இங்கே ஒரு பெயர் உண்டு என்கிறார். இது முழு அதிகாரத்தோடு சேர்த்துப் படித்தாலும் நிற்கிற வாக்கு, சோதித்துப் பார்த்துவிட்டேன்.

அதைக் கையில் வைத்துக்கொண்டே மற்றதையும் கேட்கிறேன். ஒன்று வந்ததால் இன்னொன்று தேவையில்லாமல் போய்விடவில்லை. என் ஜெபத்தின் வார்த்தைகள் மட்டும் மாறியிருக்கின்றன. அவர் யாராயிருந்தாலும் அவருக்கும் இன்று ஒரு நாள் இருந்திருக்கும், அதில் கஷ்டம் இருந்திருக்கும் என்று அவருக்காகவும் இரண்டு வார்த்தை சொல்கிறேன். என்னைப் பார்க்க வருகிறவரை நான் மனிதராகப் பார்க்கும்படி கண் கேட்கிறேன். ஜெபத்தின் பதிலா இல்லையா என்று சோதிக்கும் கண்ணோடு பார்த்தால் யாரும் தேறமாட்டார்கள், நானும்தான்.

அடுத்த வாரம் ஒருவரைச் சந்திக்கிறேன். நண்பர்கள் அறிமுகப்படுத்தியவர். வேலைக்காரன் கிணற்றண்டையில் செய்ததுபோல் நானும் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். அது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. அவரும் இதைப் படிக்கக்கூடும்.